நியாயவிலைக் கடையில் ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்கலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாரம் ஒரு கதை சொல்லும் நகைச்சுவைத் தொடர்களை நம் தொலைக்காட்சிகளில் இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மேடை போட்டு, நடுவர்களை உட்கார வைத்து, ஆளாளுக்கு ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போவதுதான் நகைச்சுவை என்றாகிவிட்டது. அதிலும் பாதி நேரம் ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’யில் என்ன இருந்தது? கணவன், மனைவி இருவருக்கும் ஒரே பெயர். வாரம் ஒரு சின்னப் பிரச்சினை. யாரையும் மட்டம் தட்டாமலே சிரிக்க வைத்தார்கள்.

கதைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு கடையை வைத்தே தொடர் எடுக்கலாம். செட்டுக்கும் பெரிய செலவு இல்லை. ஓர் அறை, ஒரு தராசு, கைரேகை மெஷின், அரிசி மூட்டைகள், வெளியே ஒரு வேப்பமரம், அவ்வளவுதான்.

முதல் வாரக் கதை வரிசையைப் பற்றியது. கடை திறக்கும் முன்பே பை, செருப்பு, செங்கல் எல்லாம் ஆளுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும். ஓர் ஆடு வந்து முதல் பையை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒரு கொத்தனார் வந்து, கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று இரண்டு செங்கலை எடுத்துப் போய்விடுகிறார். அப்புறம் யாருக்கு முன்னால் யார் என்று ஊரே கூடிப் பேச வேண்டியதுதான்.

அடுத்தது கைரேகை. நடவுக்குப் போய்வந்த கை, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல், மெஷின் எதையும் எடுக்காது. “தலையில தேய்ச்சிட்டு வை ஆத்தா”, “அழுத்தாத, லேசா வை”, “அந்த விரல் இல்ல, பக்கத்து விரல்” என்று வரிசையில் நிற்கிற எல்லோரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். ஆத்தாவின் பத்து விரலும் தோற்ற பிறகு, வீட்டிலிருந்து மருமகளைக் கூட்டிவர வேண்டும். அந்த மருமகளோடு ஆத்தாவுக்கு ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இதைவிட நல்ல கதை வேண்டுமா?

குறுஞ்செய்தியை வைத்தும் ஒரு வாரம் ஓட்டலாம். கார்டில் பதிந்திருப்பது பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் எண். இங்கே பில் போட்டதும் அங்கே அவனுக்குச் செய்தி போகிறது, சர்க்கரை 2 கிலோ என்று. அப்பாவுக்கோ நீரிழிவு. அடுத்த நிமிடம் மகன் போனில் பிடித்துக்கொள்கிறான். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன் என்கிறார் அப்பா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் பின்னால் வரிசையில் நிற்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘கோழிக்கு’ என்ற கதை. நம் மாநிலத்தில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இருந்தாலும் வசதியான சிலர் வாங்க வரும்போது, கேட்காமலே “கோழிக்குத்தான்மா” என்பார்கள். அந்த அரிசியில் இட்லி எவ்வளவு நன்றாக வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் சம்பந்தி வீட்டார் வந்து இட்லியைப் புகழ்ந்துவிட்டு, “எந்தக் கடை அரிசி?” என்று கேட்கிறார்கள். கூடவே வந்த பேரப்பிள்ளை, கோழி எங்கே என்று தேட ஆரம்பிக்கிறது. ரேஷன் அரிசியைச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற கதையாக இதை எடுத்துவிடக் கூடாது. மறைக்கிறவர்கள் படும் பாட்டில்தான் சிரிப்பு வர வேண்டும்.

பொங்கல் கரும்பு, பாமாயில் வராத மாதம், காலி சாக்குக்குக் கணக்கு என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

கல்யாண மண்டபமும் நல்ல களம்தான். மேலாளர், சமையல் மாஸ்டர், வாட்ச்மேன் மூவரும் மாற மாட்டார்கள். வாரா வாரம் கல்யாண வீட்டார் மட்டும் மாறுவார்கள். மணமகன் அறையின் ஏசி ரிமோட் யாரிடம் என்பதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

ஒரே இடத்தை வைத்து எத்தனை வாரம் ஓட்டுவது என்று சேனல்காரர்கள் கேட்கலாம். தாரக் மேத்தா என்ற எழுத்தாளர் குஜராத்தி வார இதழில் எழுதிய பத்தியிலிருந்து பிறந்த இந்தித் தொடர், 2008-இல் தொடங்கி ஒரு குடியிருப்பை மையமாக வைத்தே பல ஆண்டுகள் ஓடியிருக்கிறது. ஆனால் நான் அவ்வளவு நீளம் கேட்கவில்லை. அந்நாளில் தூர்தர்ஷனில் வந்ததுபோல 13 வாரம் போதும். ஞாயிறு இரவு அரை மணி நேரம் கொடுத்து, நன்றாக ஓடினாலும் இழுக்காமல் முடித்துவிடுங்கள்.

இந்த யோசனைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பணம் வேண்டாம், பெயர் போடவும் வேண்டாம். கடையில் எடை போடும் கட்டுநர் வேடத்துக்கு மட்டும் நல்ல நாடக நடிகராகப் பார்த்துப் போடுங்கள். அவருக்கு வசனம் குறைவாகத்தான் இருக்கும். தராசையும் ஆத்தாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
மன்னார்குடி.