ஒரு கிகாபிட்டுக்கு மேல் வேகம் விற்போருக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகை ஊர்களில் ஃபைபர் இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தாருக்கும், அவர்கள் சார்பில் வீடு வீடாக இணைப்புக் கொடுக்கும் கேபிள் ஆபரேட்டர்களுக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் திருமண வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவன் நான். தை, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு பல நூறு ஜிபி கோப்புகளை அனுப்ப வேண்டியிருப்பதால், ஒரு கிகாபிட்டுக்கு மேல் வேகம் என்று அறிவிக்கப்பட்ட திட்டத்தில் சேர்ந்தேன். கணினிக்கு 2.5 கிகாபிட் லேன் கார்டும், அதே வேகம் தாங்கும் சுவிட்சும் ரவுட்டரும் சொந்தச் செலவில் வாங்கினேன். ஆனால், எத்தனை முறை சோதித்தாலும் வேகம் 940 மெகாபிட்டைத் தாண்டவில்லை (ஒரு கிகாபிட் என்பது 1,000 மெகாபிட்).

ஒரு நாள் சுவரில் மாட்டியிருந்த, ஃபைபர் இழையை வீட்டு லேன் இணைப்பாக மாற்றித் தரும் ஓஎன்டி பெட்டியைக் கழற்றி, அதன் மாடல் எண்ணை வைத்துத் தேடியபோதுதான் அதிலுள்ள நான்கு லேன் போர்ட்டுகளும் ஒரு கிகாபிட் மட்டுமே தருபவை என்று தெரிந்தது. ஒரு கிகாபிட் போர்ட்டில் ஈதர்நெட், ஐபி, டிசிபி தலைப்புத் தகவல்களுக்கான பங்கு போகக் கோப்புக்கு மிஞ்சுவது ஏறக்குறைய அந்த 940தான். மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் மதகு விடுகிற அளவுதான் வயலுக்கு வரும் என்பதைப் படுகைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புகார் செய்தபோது, பழைய கேட் 5இ வகை லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் புதிது போடச் சொன்னார்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் கடந்து கொல்லைப்புற அறை வரை ஓடும் கேபிள் அது. தடித்த சுவர்களுக்குள் வைஃபை எட்டாததால் இழுத்தது. 2016-இல் வந்த 2.5 கிகாபிட் தரநிலையோ, ஏற்கெனவே வீடுகளில் கிடக்கும் கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஓடுவதற்கென்று வகுக்கப்பட்டது. உங்கள் பணியாளர்கள் உண்மையில் பார்க்க வேண்டியது கேபிள் முனையில் பிளக் பொருத்தும் கிரிம்பிங்கைத்தான், ஏனெனில் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று விட்டுப்போனாலும் கிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். இரண்டு போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். அப்படிக் கட்டினாலும் ஒரே இணைப்பில் போகும் கோப்பு ஒரு போர்ட்டின் வழியாகவே போகும்.

பதிவேற்ற வேகம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒரே ஃபைபர் இழையைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தரும் ஜிபான் முறையில் இறங்குவதற்கு 2.488 கிகாபிட்டும் ஏறுவதற்கு 1.244 கிகாபிட்டும்தான் உண்டு. அதையும் இழையைப் பிரிக்கும் ஒரே ஸ்ப்ளிட்டரில் இணைந்த 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஜிபானுக்கு அடுத்த தலைமுறையான, இருபுறமும் 10 கிகாபிட் தரும் எக்ஸ்ஜிஎஸ்-பான் வேறு அலைநீளங்களில் இயங்குவதால், கம்பத்துக் கம்பம் புதிய இழை இழுக்காமல், இருக்கிற இழையிலேயே அதையும் சேர்த்து ஓட்ட முடியும். உங்கள் மையத்திலும் எங்கள் வீட்டிலும் உள்ள கருவிகளை மாற்றினால் போதும். அதற்குச் செலவாகும் என்பதை நான் அறிவேன். உடனே எல்லா ஊர்களிலும் செய்யுங்கள் என்று கேட்கவில்லை.

ஆனால், கிகாபிட்டுக்கு மேற்பட்ட திட்டத்துக்குப் பணம் வாங்கும் வீடுகளுக்கு 2.5 கிகாபிட் போர்ட் உள்ள ஓஎன்டியைக் கொடுங்கள். கொடுக்கும் வரை கிகாபிட் திட்டத்தின் கட்டணத்தை மட்டும் வாங்குங்கள். போர்ட்டின் வேகத்தையும், இணைப்பு ஜிபானா எக்ஸ்ஜிஎஸ்-பானா என்பதையும் விண்ணப்பப் படிவத்திலேயே தமிழில் அச்சிடுங்கள். தை முகூர்த்தங்கள் தொடங்கும் முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்துச் சந்தாதாரர் ஒருவர்