அப்பாவின் கையெழுத்து

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஆய்வுகூடத்திலிருந்து இரவில் தனியாக நடந்து வராதே, பஸ்ஸில் வா.

பின்வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நல்ல காய்ப்பு. பழுக்க வைத்த அறைக்குள் போனால் வாசம் மூக்கைத் துளைக்கிறது. போன கிழமை அப்பா அந்த அறைக்குள் நின்றுகொண்டே, "இன்னும் பழுக்கேல்லையே?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முதல்தான் நீ வட்ஸ்அப்பில் அவரை நாலு வரி எழுதிக் காட்டச் சொன்னாய். கரும்பலகையில் எழுதி எழுதி முத்தாய் வந்த கையெழுத்து. முதல் சொல் வழமைபோலத்தான் இருந்தது, வரி முடியும்போது எழுத்தெல்லாம் எள்ளளவு. "வடிவா இருக்கு அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். பிறகு உன்னிடமிருந்து ஒரு கோல் இல்லை. வேலை கூட என்று மெசேஜ் மட்டும் வருகிறது.

லண்டனுக்குப் படிக்கப் போன புதிதில் பார்க்கின்சன் நோயைப் பற்றி எனக்கு எவ்வளவு சொல்லித் தந்தாய்! ஆல்பா சினியூக்ளின் என்ற புரதம் மூளைக் கலங்களுக்குள் பிழையாக மடிந்து திரள்வது, டோபமின் சுரக்கும் கலங்கள் செத்துப்போவது, கை நடுங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மணம் தெரியாமல் போகக்கூடியது எல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து இந்த நோயைப் பற்றி எழுதினார், அதில் சிலரை வீதியில் கண்டதுதான் என்றாய். என் பிள்ளை இதையெல்லாம் படிக்கிறாள் என்று கோண்டாவில் மாமியிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது நீயும் போன் திரையில் அப்பாவை அப்படித்தான் பார்த்தாயோ?

இதே நோயோடு இருந்த அப்பப்பாவைப் பார்த்தவள் நான். லெவோடோப்பா குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதலே கொடுக்க வேண்டும், மீனோடும் இறைச்சியோடும் சேர்ந்தால் சரியாக வேலை செய்யாது என்று டொக்டர் சொன்னபடி மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுத்தேன். குளிசை வேலை செய்யத் தொடங்கியதும் கட்டிலை விட்டு எழும்பிப் படலை வரை நடந்து வருவார். நீ சின்னப்பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவாய். அதனால் என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

பரம்பரையாக வருவது குறைவு என்று நீயேதான் சொன்னாய். அப்பப்பா, அப்பா, அடுத்தது நான் என்று எண்ணிக்கொண்டு நித்திரை இல்லாமல் கிடக்கிறாயோ என்றுதான் எனக்குப் பயம். அப்படி எண்ணாதே, பிள்ளை. சாப்பாட்டையும் விட்டுவிடாதே.

மணமும் எழுத்தும் வேறு காரணத்தாலும் மாறலாம்தானே. வியாழக்கிழமை அப்பாவை நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். அதற்கு முதல் நீ அவருடன் ஒருமுறை கதை. கையைக் காட்டச் சொல்லாதே, எழுதவும் சொல்லாதே. மாம்பழம் யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேள், அரை மணித்தியாலம் சொல்லுவார். "பிள்ளை ஏன் கதைக்கிறாளில்லை?" என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார்.

பிறகு எனக்குத் தனியாக எடுத்து, உனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்.

அம்மா