ஆணியில் தொங்கிய கார்டு

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக எழுதவில்லை, திட்டிக்கொள். எல்லோரும் சுகம். பெரியவர் இன்னமும் தன் உளியை யாரையும் தொட விடுவதில்லை.

போன வாரம் மரம் அறுக்கும் என் டேபிள் சா மிஷின் என் வயிற்றில் ஒரு குத்து விட்டது. பயப்படாதே, விரல் பத்தும் இருக்கிறது, உனக்காக இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

டிராயர் பலகையில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்கும்போது பிளேடை மூடியிருக்கும் கார்டு இடித்தது, கழற்றினேன். என் பழைய மிஷினில் கார்டும் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடும் ஒரே செட். ஒன்று போனால் இரண்டும் போச்சு. காடி அரை மணியில் முடிந்தது. கார்டு மூன்று வாரம் சுவர் ஆணியிலேயே தொங்கியது.

அப்புறம் ஒரு பலகையை நீளவாக்கில் அறுத்தேன். மரத்துக்குள் முறுக்கு இருந்திருக்கிறது. பாதி தாண்டியதும் அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வியது. முன்பற்கள் பலகையை மேசையோடு அழுத்தும், பின்பற்கள் மேலே எழும்பும். அவ்வளவுதான், பலகையைத் தூக்கி என் மேலேயே வீசியது. 10 அங்குல பிளேடு, நிமிஷத்துக்கு 4,000 சுற்று என்றால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். இந்தக் கணக்கைப் போட்டதிலிருந்து தூக்கமில்லை.

அடி பெரிதில்லை, சேகர். பலகை போனதும் அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிடிமானமில்லாமல் முன்னால் சரிந்தது. சுண்டுவிரலுக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி அகலம். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

உன்னைக் 'கார்டு சேகர்' என்று கிண்டல் செய்ததில் முதல் ஆள் நான்தான். கார்டு விரலுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிளவு மூடாமல் காப்பது அந்தத் தகடு! விரல் பட்டதும் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் வாங்கு என்று தம்பி சொல்கிறான். பறக்கிற பலகையை அது எங்கே நிறுத்தும்?

கார்டு இருந்தால் கோடு தெரியவில்லை என்று புலம்பியவனும் நான்தான். பலகை ஒட்டி நகரும் பக்கச் சட்டமான ஃபென்ஸ் அகலத்தை முடிவுசெய்துவிட்டது, கோட்டைப் பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன்?

என்னை அடித்த பலகையிலேயே ஒரு தள்ளுகட்டை செய்துவிட்டேன். அந்த ஆணியையும் பிடுங்கிவிட்டேன்.

உன் புது மிஷினில் தகடு தனியாக நிற்கும், பிளேடின் உச்சிக்குக் கீழே இறக்கினால் காடிக்குக்கூடக் கழற்ற வேண்டாம் என்றாயே, ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன்,
ராஜு