எந்த மாடல், எந்தச் சங்கிலி?

ஐயா,

செயின்சா, அதாவது மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம், பழுது பார்ப்பது என் தொழில். பொழுதுபோக்காக மரம் அறுப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் யோசனைகளின் விளைவு கடைசியில் என் மேசைக்குத்தான் வருகிறது.

‘சங்கிலிப் பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டை நன்றாக அராவிவிடு, வேகமாக அறுக்கும்’ என்பது அதில் ஒன்று. அறுக்கும், உண்மைதான். ஆனால் பல சங்கிலிகளில் அந்த மேடு பல்லின் நுனியைவிடச் சுமார் 0.65 மி.மீ. மட்டுமே தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கும் கீழே இறக்கினால் பல் ஆழமாகக் கடிக்கும். சங்கிலி ஓடும் நீண்ட தகடான பாரின் நுனியில் மேல்பாகம் மரத்தில் பட்டால், இயந்திரம் முகத்தை நோக்கி இன்னும் மூர்க்கமாக எகிறும். இதைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்பவரை நான் நம்புவதில்லை.

எண்ணெய்க் கலவையும் அப்படித்தான். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. என்பது 50:1 (ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய்) கேட்கும் இயந்திரத்துக்குச் சரி. 25:1 கேட்கும் பழைய இயந்திரத்தில் அதையே ஊற்றினால் பிஸ்டன் கீறல் விழுந்து போகும்.

யோசனை சொல்பவர் முதலில் மாடலையும் சங்கிலி அளவையும் கேட்கிறாரா என்று பாருங்கள். பத்துப் பேர் ஆமோதித்தாலும் கையேட்டோடு ஒத்துப்பாருங்கள். இயந்திரம் எகிறும்போது சங்கிலியை நிறுத்துவது செயின் பிரேக்; ‘செயின் பிரேக் தொல்லை, கழற்றிவிடு’ என்பவரிடம் வேறு எதையுமே கேட்க வேண்டாம்.

– செயின்சா மெக்கானிக் ஒருவர்