நம்ம புல்வெளிச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், கமிட்டி மெம்பர்ஸ், உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம், யாரும் முழுசா படிக்கலன்னு புகார் வந்துச்சு. அதனால இந்தத் தடவை சுருக்கமா முடிச்சிடணும்னுதான் உக்காந்தேன், ஆனா எழுத ஆரம்பிச்சா அது பாட்டுக்கு போயிட்டே இருக்கு, பொறுத்துக்கங்க.

நிர்வாக விஷயம் முதல்ல. கமிட்டி ஆறு தடவை கூடுச்சு, அதுல ரெண்டு ஆன்லைன், நாம இருக்குறது குளிர் நாடு, வெளிய காலடி வைக்க முடியாத பனி. கணக்கு வழக்கு பொருளாளர் தனியா வாசிப்பார், நான் அதுல கை வைக்கல. போன பொதுக்குழுல தீர்மானம் போட்ட ஏரேட்டர், அதாவது புல்தரைல ஓட்டை போடுற மிஷின், வந்துடுச்சு, அது பத்தி கடைசில.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த வருஷம் நமக்கு ஆரம்பமே சரியில்ல. ஏப்ரல்ல பனி உருகினதும் நம்ம உறுப்பினர்கள் பாதிப்பேரு வீட்ல லான், அதாவது வீட்டுப் புல்தரை, முழுக்க வட்ட வட்டமா வெளிறிப்போய் கிடந்துச்சு. அதுல மோசமான லான் யாரோடதுன்னு கேட்டா, செயலாளரோடதுதான், மறைக்க ஒண்ணுமில்ல. டிரைவ்வே ஓரமா குளிர்காலம் பூரா பனியை அள்ளி அள்ளிக் குவிச்ச இடம் இருக்கே, அங்க கடைசியா உருகுச்சு, அங்கதான் பெரிய வட்டம். மண்டி போட்டு கிட்டப் பார்த்தேன். புல்லு தரையோட ஒட்டிக்கிட்டு, ஈரக் காகிதம் மாதிரி அப்பிக்கிடக்கு, அதுமேல சாம்பல் கலர்ல சிலந்தி வலை மாதிரி ஒரு படலம். இலைய விரல்ல தூக்கிப் பார்த்தா கடுகு சைஸ்ல கருஞ்சிவப்பு உருண்டைங்க ஒட்டிக்கிட்டு இருக்கு. இதுதான் கிரே ஸ்னோ மோல்ட், டைஃபுலாங்கற பூஞ்சை. அந்த உருண்டையாத்தான் அது வெயில் காலத்த ஓட்டிட்டு அடுத்த பனிக்கு மறுபடி கிளம்பும். ஒரு சிலர் வீட்ல ஓரம் லேசா ரோஸ் கலரா இருந்துச்சு, அது பிங்க் ஸ்னோ மோல்ட், வேற பூஞ்சை, அதுக்கு பனி மூடியே ஆகணும்னுகூட இல்ல, குளிரும் ஈரமும் இருந்தா போதும்.

ஏன் வந்துச்சுன்னா, தப்பு நம்ம மேலதான். அக்டோபர் வந்ததும் குளிருதுன்னு புல் வெட்டுற மோவர உள்ள தூக்கி வச்சுட்டேன், புல்லு அதுக்கப்புறமும் வளர்ந்துக்கிட்டேதான் இருந்துச்சு. மரத்துலேர்ந்து விழுந்த இலையையும் அப்படியே விட்டுட்டேன். போதாக்குறைக்கு மாசக் கடைசில ஒரு கை நிறைய நைட்ரஜன் உரம் வேற தூவினேன், வசந்தத்துல பச்சையா வரும்னு ஆசை. நீளமா, தளதளன்னு, இலைக்கு அடில ஈரமா, மேல கம்பளி போத்தின மாதிரி பனி. தரை உறையறதுக்கு முன்னாடியே பனி விழுந்து மாசக்கணக்கா மூடிக்கிச்சு. பூஞ்சைக்கு இதைவிட என்ன வேணும்.

நல்ல சேதி என்னன்னா, பெரும்பாலும் இலைதான் போகும், அடில இருக்குற குருத்து உயிரோடதான் இருக்கும். மருந்து எதுவும் அடிக்கல. ரேக் வச்சு மெதுவா, ரொம்ப மெதுவா, அப்பின புல்ல தூக்கி விட்டேன், காத்து பட்டுச்சு, காஞ்சுச்சு, ஜூன் பொறக்குறதுக்குள்ள முக்கால்வாசி மூடிக்கிச்சு. தரை சொதசொதன்னு இருக்கும்போது அவசரப்பட்டு ரேக் போட்டவங்க வீட்ல வேரோட பிடுங்கிக்கிட்டு வந்துச்சு, அது தனிக்கதை.

அடுத்து விதை. இதுலதான் இந்த வருஷம் அதிகமா சண்டை. ஒரு உறுப்பினர் ஏப்ரல்ல க்ராப்கிராஸ்ங்கற களை முளைக்காம தடுக்குற மருந்து போட்டாரு, சரியான நேரம்தான், மண்ணோட சூடு 13 டிகிரி செல்சியஸ தொட்டு கொஞ்ச நாள் நின்னா க்ராப்கிராஸ் முளைக்க ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி போடணும். ஆனா அதே மனுஷன் மே மாசம் அதே இடத்துல புல் விதையும் தூவிட்டு, ஒண்ணும் முளைக்கல, விதை போலின்னு கூட்டத்துல சத்தம் போட்டாரு. அண்ணே, அந்த மருந்துக்கு களை விதை எது, உங்க விதை எதுன்னு தெரியாது, முளைக்கிற எல்லாத்தையும்தான் நிறுத்தும்.

இன்னொருத்தர் பல புல் வகை கலந்த மிக்ஸ் விதை போட்டாரு. ஒரு வாரத்துல ரைகிராஸ் வந்துடுச்சு, மீதி வரலன்னு பத்தாவது நாள் கொத்திப் போட்டுட்டாரு. ரைகிராஸ் 5லேர்ந்து 10 நாள்ல வரும், ஃபெஸ்க்யூ வகைக்கு ஒண்ணுலேர்ந்து ரெண்டு வாரம், கென்டக்கி புளூகிராஸ் ரெண்டு மூணு வாரம், சமயத்துல நாலு வாரம்கூட எடுக்கும். ஆனா குளிர்ல தாங்குறதுலயும், அடித்தண்டு ஓட்டி வழுக்கைய தானே மூடிக்கிறதுலயும் புளூகிராஸ அடிச்சுக்க ஆள் இல்ல. நிழல் இருக்குற பக்கம் மட்டும் ஃபைன் ஃபெஸ்க்யூ போடுங்க, அங்க புளூகிராஸ் ஏங்கியே செத்துடும்.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு கேட்டு வளர்ந்தவங்க நாம. குளிர் நாட்டு லானுக்கு அது ஆவணிப்பட்டம். ஆகஸ்ட் நடுவுலேர்ந்து செப்டம்பர் நடு வரைக்கும். வெயில்ல சூடான மண்ணு இன்னும் சூடாவே இருக்கும், மேல காத்து குளுந்திருக்கும், க்ராப்கிராஸ் மாதிரி ஒரு வருஷக் களையெல்லாம் முதல் உறைபனில செத்துடும், நம்ம நாத்துக்கு போட்டியே இல்ல. கடைல விதை மூட்டைய ஏப்ரல்ல அடுக்கி வைக்கிறான்னு நாம ஏப்ரல்ல தூவுறோம், அவ்ளோதான் கதை. ஆவணிய விட்டுட்டா அரைகுறையா அக்டோபர்ல போடாதீங்க, நாத்து பிஞ்சுல பனில மாட்டும். பேசாம தரை உறையறதுக்கு சத்த முன்னாடி, விதை முளைக்கவே முடியாத குளிர்ல தூவிடுங்க, அது தூங்கிட்டு வசந்தத்துல எழுந்திரிக்கும்.

உரமும் அதே கணக்குதான். ஒரே ஒரு தடவைதான் போடுவேன்னா செப்டம்பர் முதல்ல போடுங்க, வேருக்குப் போகும். வசந்தத்துல சீக்கிரமே கொட்டினா இலை மட்டும் குபுகுபுன்னு வரும், வேர் நோஞ்சானா இருக்கும், மோவர் தள்ளித் தள்ளி நம்ம இடுப்பும் போகும். ஒரு தடவைக்கு 1000 சதுர அடிக்கு 1 பவுண்டு நைட்ரஜன்கறது மேல்வரம்பு. இது மூட்டை எடை இல்ல, நைட்ரஜன் எடை. மூட்டை மேல இருக்குற முதல் நம்பர்தான் நைட்ரஜன் சதவீதம், அது 24ன்னு இருந்தா நாலு பவுண்டுக்கு சொச்சம் உரம் ஆகும். இந்தக் கணக்கு புரியாம அள்ளிக் கொட்டி, கோடு கோடா கருகின லான் ரெண்டு நம்ம தெருவுலயே இருக்கு, பேர் சொல்லல.

வெட்டுற உயரம் பத்தி மூணு கூட்டம் பேசியும் ஒத்துமை வரல, நான் என் கட்சிய பதிவு பண்ணிடுறேன்: 3 இஞ்ச், ஒரு வெட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்கக்கூடாது, வெட்டின புல்ல அங்கயே விடணும், அதுவும் உரம்தான். கார்ப்பெட் மாதிரி ஒட்ட வெட்டணும்ங்கறவங்க லான ஆகஸ்ட்ல வந்து பாருங்க. கடைசி வெட்டு மட்டும் கொஞ்சம் குறைச்சு, புல்லு வளர்றத நிறுத்துற வரைக்கும் வெட்டிக்கிட்டே இருக்கணும். விழுந்த இலைய மோவர் விட்டு பொடியாக்கினா தரைக்குள்ள போயிடும், ரொம்ப கனமா இருந்தா மட்டும் அள்ளுங்க.

ஜூலைல புல்லு பழுப்பானதும் போன் மேல போன். சாகல, தூங்குது. ஒண்ணு வாரத்துக்கு 1 இஞ்ச் தண்ணி ஒழுங்கா விடுங்க, இல்ல தூங்க விட்டுடுங்க. எழுப்பி எழுப்பி மறுபடி காயப் போடுறதுதான் கொடுமை. எவ்ளோ தண்ணி விழுதுன்னு தெரியணும்னா ஸ்ப்ரிங்க்ளருக்கு கீழ காலி டப்பா நாலு வைங்க.

பனி உருக ரோட்டுல கொட்டுற உப்பால ஓரத்துப் புல்லுக்கு சேதம் இந்த வருஷமும் உண்டு, தரை இளகினதும் அந்த ஓரத்த நல்லா தண்ணி விட்டு கழுவி இறக்கினவங்களுக்கு தேவலாம். பனிக்கு அடில எலி ஓடின தடம் பார்த்து பயப்படாதீங்க, பெரும்பாலும் தானா மூடிக்கும்.

ஏரேட்டர் விஷயம். செப்டம்பர்ல பதினோரு வீட்டுக்குப் போச்சு. ரெண்டு மூணு இஞ்ச் ஆழத்துக்கு மண்ணுக் குச்சி குச்சியா பிடுங்கி மேல போடும், அத அள்ளாதீங்க, மழைல கரைஞ்சிடும். ஓட்டுறதுக்கு முந்தின நாள் தண்ணி விடுங்க, காஞ்ச தரைல அது குதிக்கும். பூமிக்குள்ள ஸ்ப்ரிங்க்ளர் குழாய் எங்க போகுதுன்னு கொடி நட்டு வைங்க, இந்த வருஷம் ஒருத்தர் வீட்ல நீரூற்று வந்துச்சு. செலவு அவரே ஏத்துக்கிட்டாரு, நன்றி.

அடுத்த வருஷ புக்கிங் ஆவணிக்கு மட்டும்தான், ஜூலை முடியறதுக்குள்ள பேர் கொடுங்க. சாவி என்கிட்ட இருக்கு. மிஷின திருப்பித் தரும்போது மண்ணுக் குச்சி பிடுங்குற குழல்ல இருக்குற மண்ண எடுத்துட்டுத் தாங்க, போன தடவை அது உள்ளயே உறைஞ்சு, நான் ஒரு சனிக்கிழமை பூரா ஸ்க்ரூ டிரைவர் வச்சு குடைஞ்சேன்.

இப்படிக்கு,
செயலாளர்