சம்பந்திமார் வரும்போது

வூப்பெற்றால்

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் மாமாவும் மாமியும் இங்கே வரும்போது சுற்றிக்காட்ட என்று நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். கொலோன் தேவாலயம் ஒரு நாள், ஆம்ஸ்டர்டாம் ஒரு நாள், பிறகு பாரிஸ். வூப்பெற்றாலுக்கு ஒரு பின்னேரம். “ஷ்வேபபானில, அந்தத் தொங்கு ரயிலில, ஒருக்கா ஏத்தி இறக்கினால் காணும், அங்க வேற என்ன இருக்கு” என்று கீழே எழுதியும் வைத்திருக்கிறாய். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்லும், அதை விடு. ஆனால் கொக்குவிலிலிருந்து வருகிற இரண்டு பேருக்கு, அதிலும் முழங்கால் நோவோடு வருகிற உன் மாமிக்கு, இந்த ஓட்டம் சரிவராது. பாரிசை வெட்டு. எங்களோடு நாலு நாள் நிற்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில்தான் ஓடும். கண்டி, நுவரெலியா எல்லாம் அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் மூன்றரை இலட்சம் பேருக்கு மேல் குடியிருக்கிற ஒரு நகரத்துக்குள், கடைத்தெருவிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் பீச் மரக்காட்டுக்குள் நிற்கலாம் என்பது அவர்களுக்குப் புதுசாக இருக்கும். வைகாசியில் அந்த இலைகள் இளம்பச்சையாக இருக்கும். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் நிற்கும்.

சிக்கல் என்னவென்றால் ஏற்ற இறக்கம். இந்த ஊரில் பொதுப் படிக்கட்டுகள் மட்டும் நானூறுக்கு மேல். “மேலே காரில கொண்டுபோய் விட்டிட்டு இறங்கேக்க நடத்தலாம்” என்று மருமகன் போனில் சொன்னார். முழங்கால் நோவுக்காரருக்கு இறக்கம்தான் பொல்லாதது, அம்மாவைக் கேட்டால் சொல்லுவா. ஆகையால் மலையூரில் மட்டமான வழியாகத் தேடி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் ஷ்வேபபான்தான், அதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு தரிப்பிடத்தில் ஏறி இரண்டாவதில் இறங்குகிற அலுவல் வேண்டாம். ஓபர்பார்மனில் ஏறி ஃபோவிங்கல் வரை முழுதாகப் போக வேண்டும். 13.3 கிலோமீற்றர், 20 தரிப்பிடங்கள், அரைமணி நேரம். காலை வேலைச் சனம் போன பிறகு, பத்து மணி போல் ஏறினால் கடைசி இருக்கை கிடைக்கும். புதுப் பெட்டிகளில் பின்பக்கம் முழுவதும் கண்ணாடி. தலைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம், கீழே 12 மீற்றரில் ஆறு, வந்த பாதை பின்னாலே சுருண்டு போவது தெரியும். பெட்டி தொங்குவதால் ஆள் ஏறும்போது சாடையாக ஆடும். மாமிக்கு அதை முதலே சொல்லிவை, இல்லாவிட்டால் வாசலிலேயே நின்றுவிடுவா. ஃபோவிங்கல் பக்கம் ஆற்றை விட்டுத் தெருவுக்கு மேலே போகும். அங்கே மேல்மாடிக் குசினி யன்னலுக்குள் யார் என்ன சமைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போகலாம். அம்மாவுக்கு இப்போதும் அதுதான் விருப்பம்.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று மாமா கட்டாயம் கேட்பார். பள்ளத்தாக்கு ஒடுக்கம், இரண்டு பக்கமும் தொழிற்சாலையும் வீடும் நெருங்கிக் கிடந்தன. பாறையும் ஈரமுமான நிலத்தில் சுரங்கம் தோண்டுவது லேசில்லை. வெறுமையாகக் கிடந்தது ஆற்றின் மேல்பக்கம் மட்டும். 1900இல் ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை ஏற்றி வெள்ளோட்டம் விட்டார்கள், அடுத்த வருடம் சனத்துக்குத் திறந்தார்கள். யானைக் கதையை நீயே சொல். 1950இல் ஒரு சர்க்கஸ் விளம்பரத்துக்காக டூஃபி என்ற குட்டி யானையைப் பெட்டிக்குள் ஏற்ற, அது வெருண்டு யன்னலை உடைத்து ஆற்றுக்குள் குதித்தது. பெரிய காயம் ஒன்றும் இல்லை. நீ குடித்து வளர்ந்த பால் பெட்டியில் இருந்த பெயர் அந்த யானையின் பெயர்தான்.

அந்த ஆற்றையும் ஒருக்கால் குனிந்து பார்க்கச் சொல். நூலும் துணியும் சாயமுமாக இந்த ஊர் பணம் சேர்த்த காலத்தில் வூப்பர் நிறம் நிறமாக ஓடியது. இந்த ஊரின் பார்மன் பகுதியில் ஒரு நூல் ஆலை முதலாளி வீட்டில் 1820இல் பிறந்த, மார்க்சின் தோழர் பிரெடெரிக் எங்கெல்ஸ் இதையெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தார். மாமா பழைய இடதுசாரி, எங்கெல்ஸ் வீட்டைக் காட்டாமல் விட்டால் மனசுக்குள் வைத்திருப்பார். அங்கே சீனா கொடுத்த சிலையும் நிற்கிறது, படம் எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் நாள் நோர்ட்பான்ட்றாஸ. எனக்குப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். வடக்குச் சரிவில் ஓடிய பழைய ரயில் பாதை. 1991இல் பயணிகள் ரயில் நின்றுபோய், பற்றை மண்டிக் கிடந்தது. ஊர்ச் சனமே சங்கம் சேர்த்து, காசு திரட்டி, மாநகரசபையோடு இழுபறிப்பட்டு, அதை நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஏற்ற பாதையாக மாற்றினார்கள். 2014 கடைசியில் முழுதாகத் திறந்தது, 20 கிலோமீற்றருக்கு மேல். ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. அதனால் அந்தக் காலத்திலேயே குறுக்கே வந்த மலையைக் குடைந்தும், பள்ளம் வந்த இடத்தில் கல்வளைவுப் பாலம் போட்டும் பாதையை மட்டமாகக் கொண்டுபோனார்கள். மாமியின் முழங்காலுக்கு நூறு வருடத்துக்கு முன்னமே யாரோ பார்த்துச் செய்த வேலை. பாலத்தின் மேல் நின்றால் வீட்டுக் கூரைகள் காலுக்குக் கீழே இருக்கும், எதிர்ச் சரிவில் காடு. சுரங்கத்துக்குள் போனால் வெயில் நாளிலும் குளிரும், ஒரு சால்வை எடுத்துவா. சைக்கிள்காரர் வேகமாக வருவார்கள், கரையோடு நடக்க வேண்டும்.

லோ பழைய ஸ்டேசனில் தொடங்கி மேற்கே மியர்க்க ஸ்டேசன் வரை வரலாம். முடியாவிட்டால் பாதியில் கீழே இறங்கி பஸ் பிடிக்கலாம். வழியில் ஒரு பாலத்தை லேகோ கட்டைகளால் அடுக்கினது மாதிரி வர்ணம் அடித்திருக்கிறார்கள், 2011இல் செய்தது. மேலே நடக்கிறவருக்கு அது தெரியாது, கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பேரன் அதைப் பார்த்தால் அங்கேயே குந்திவிடுவான்.

மூன்றாம் நாள் தண்ணீர். காலையில் ரெம்ஷைட் பக்கம் எஷ்பாக் அணைக்கட்டு. ஜேர்மனியில் குடிதண்ணீருக்காகக் கட்டிய முதல் அணை இது, 1891இல் முடிந்தது. ரெம்ஷைட் மேட்டில் இருக்கிற ஊர். ஆலைகள் பெருகப் பெருகத் தண்ணீர் போதாமல் போக, ஓட்டோ இன்ட்சே என்ற ஆகன் நகரத்துப் பேராசிரியர் கல்லால் வளைவாக அணை கட்டிக் கொடுத்தார். மேற்கிலிருந்து வருகிற முகிலெல்லாம் இந்த மலையில் முட்டித்தான் கொட்டுகிறது. வூப்பெற்றால் பிள்ளை குடையோடு பிறக்கும் என்று இவர்கள் பகிடி விடுவது சும்மா இல்லை. கிணற்றுத் தண்ணீரை அளந்து இறைத்த ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குளத்தைச் சுற்றி மரநிழலில் பாதை, இருக்க வாங்கும் உண்டு. புல்லுக்குள் மட்டும் இறங்க விடாதே. வைகாசியில் உண்ணி இருக்கும், வீட்டுக்கு வந்ததும் எல்லாருடைய காலையும் பார்க்க வேண்டும்.

பின்னேரம் மியூங்ஸ்டன் பாலம். 1897இல் கட்டியது, 107 மீற்றர் உயரம், ஜேர்மனியில் இதைவிட உயரமான ரயில் பாலம் இல்லை. கீழே பூங்காவில் நின்று பார்த்துவிட்டு, பிறகு அதன் மேலால் ரயிலிலும் போக வேண்டும், எஸ்7 என்ற ரயில் போகும். ஆணிகளில் ஒன்று தங்கம் என்று ஒரு கதை இருக்கிறது, ஒருவரும் கண்டதில்லை. வளைவில் கயிறு கட்டி ஏறவும் விடுகிறார்கள். மருமகன் வேண்டுமென்றால் ஏறட்டும், நீ கீழே நில்.

அப்புறம் பூர்க் கோட்டையடியில் ஒரு கடையில் ‘பெர்கிஷ காஃபிடாஃபல்’ கேட்டு எடுக்க வேண்டும். முந்திரிவத்தல் போட்ட இனிப்புப் பாணுக்குப் பட்டரும் தேனும் பூசி, அதற்கு மேலே பால்சோற்றைக் குவித்து, சீனியும் கறுவாத்தூளும் தூவிச் சாப்பிடுவார்கள். சோற்றைப் பாணில் வைத்து என்று மாமி முகம் சுளிப்பா, ஒரு வாய் வைத்துப் பார்க்கச் சொல். சூடான செரிப்பழத்தோடு வாஃபிள் வரும். கோப்பி, மூன்று கால் வைத்த ஈயப் பாத்திரத்தில், அடியில் குழாயோடு வரும். மாமி சைவம் என்றபடியால் இறைச்சித் தட்டை வேண்டாம் என்று சொல்லிவிடு.

நாலாம் நாள் நியாண்டர்தால், மாமாவுக்காக. 1856இல் கல்லுடைக்கிற ஆட்கள் குகைக்குள் கண்ட எலும்பைக் கரடி எலும்பு என்று நினைத்தார்கள். அது பழங்கால மனிதனின் எலும்பு என்று கண்டுபிடித்தவர் நம்முடைய ஊரின் எல்பர்ஃபெல்ட் பகுதியில் படிப்பித்த ஒரு வாத்தியார், யோகான் கார்ல் ஃபூல்ரொட். பெரிய பெரிய பேராசிரியர்கள் அவரை ஏற்கவில்லை. 1877இல் அவர் சாகும்போதும் சண்டை தீரவில்லை. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற உன் மாமாவுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகாது. அருங்காட்சியகத்துக்குள் படி ஏறத் தேவையில்லை, சுற்றிச் சுற்றி ஏறுகிற சாய்வுப் பாதை இருக்கிறது.

வால்ட்ஃபிரீடன் சிற்பப் பூங்காவையும் அம்மா சொன்னா. டோனி கிராக்கின் சிற்பங்கள் மரங்களுக்கிடையில் நிற்பது அழகுதான், ஆனால் அங்கே ஏற்றம். நீயும் மருமகனும் தனியாகப் போங்கள், திங்கள் பூட்டு. ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை நான் காரில் கூட்டிப்போகிறேன், அது நாலு நாள் கணக்கில் சேராது.

மழை பெய்தால் திட்டத்தை மாற்றாதே. எல்லாருக்கும் மழைச்சட்டை இங்கே இருக்கிறது. மாமி மட்டும் செருப்போடு வருவா, அவவின் சப்பாத்து அளவைக் கேட்டு இந்தக் கிழமைக்குள் எழுது, அம்மா வாங்கி வைப்பா. ஆம்ஸ்டர்டாம் ஹோட்டலைப் பதிய முதல் எனக்கு ஒரு போன் எடு.

அன்புடன்,
அப்பா