பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

பருப்புப் பொடி பார்சலிலேயே இதையும் வைக்கிறேன். போனில் ஆரம்பித்தால் "அம்மா, மீட்டிங்" என்பாய். வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கதவை உள்பக்கம் தாழ் போட்டுப் படு.

பெரம்பூரில் நல்ல மழை. நீ பரணில் கட்டிப் போட்டுவிட்டுப் போன ராஜா ராணி புத்தகங்களில் 'ரெட் குயின்' எடுத்துப் படித்தேன். 2015இல் வந்ததாமே, உன் காலேஜ் காலம். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. அந்தக் கதையில் வெள்ளி ரத்தம் ஓடுகிற பெரிய வீட்டுக்காரர்களுக்குத்தான் மாயச் சக்தியெல்லாம், சிவப்பு ரத்த ஜனங்களுக்குக் கிடையாது. பிக்பாக்கெட் அடிக்கிற சிவப்பு ரத்தப் பெண் மேர், அரண்மனைக்கு வேலைக்குப் போன இடத்தில் அவளுக்குள்ளும் மின்னல் சக்தி இருப்பது ஊர் பார்க்க வெளியாகிவிடுகிறது. அதை மூடி மறைக்க, அவளைத் தொலைந்துபோன பெரிய வீட்டுப் பெண் என்று கதை கட்டி, சின்ன இளவரசன் மேவனுக்கு நிச்சயம் பண்ணிவிடுகிறார்கள். அந்த இடத்தில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அப்பாவிடம் திட்டு. அப்புறம்தான் சலிப்பு. அந்த அரண்மனையில் சதி செய்வதைத் தவிர யாருக்கும் வேறு வேலையே இல்லை.

கீழ் வீட்டு பிளஸ் டூ பெண்ணும் படித்திருக்கிறாள். அவளுக்கு மேவனைத்தான் பிடிக்குமாம், அவ்வளவு துரோகத்துக்கு அப்புறமும்! "அவன் பாவம் ஆன்ட்டி, அவங்க அம்மா அப்படி ஆக்கிட்டாங்க" என்கிறாள். எனக்கு அவனை முதலிலிருந்தே பிடிக்கவில்லை. வாயைத் திறந்தாலே ஆமாம் சாமி போடுகிற பையனை நம்பக் கூடாது. கொஞ்சம் முரண்டு பிடிக்கிறவன் தேவலை. பொதுவாகச் சொல்கிறேன். சித்தி விஷயம் உனக்குத் தெரியாததா?

மேவனின் அம்மா, அந்த ராணி எலாரா, அடுத்தவர் மனசுக்குள் புகுந்து பார்க்கிறாள், ஆட்டியும் வைக்கிறாள். பெரிய இளவரசன் கையாலேயே அவனைப் பெற்ற அப்பாவின் தலையை வெட்ட வைக்கிறாள், படுபாவி. ஆனால் ஒன்று, அந்தச் சக்தியில் பாதி இருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆட்டி வைக்க வேண்டாம். பார்த்தால் போதும்.

போன வாரம் வீடியோவில் உனக்குப் பின்னால் ஹீட்டர் மேல் ஒரு நீலச் சட்டை காய்ந்தது. உன் அளவு இல்லை. டப்ளின் குளிருக்கு லூசாகப் போடுகிறாயோ என்னவோ.

உன் சம்பளத்தில் தம்பிக்கு ஃபீஸ் கட்டினாய். அதை நான் சொல்லாத வீடு இந்தத் தெருவில் கிடையாது. ஆனால் அவனிடம் ஒரு மணி நேரம் பேசுகிறாய், என்னிடம் "சாப்டேம்மா" மட்டும்தான். அவனைக் கேட்டால் சிரிக்கிறான், கழுதை.

இதெல்லாம் பார்த்துவிட்டு, பாட்டி பைண்டு பண்ணி வைத்த 'பொன்னியின் செல்வ'னை மறுபடி எடுத்தேன். 1950இலேயே கல்கி வாராவாரம் இதே அரண்மனைச் சதிக் கதையை எழுதி ஊரைத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறார். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடி கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயரெல்லாம் இருக்கிறது. இருந்தும் குத்தியது யார் என்று மனுஷன் பளிச்சென்று சொல்லாமல் நழுவுகிறார் பார், அங்கேதான் அவர் கெட்டிக்காரர். உன் புத்தகத்தில் எல்லாவற்றையும் கடைசியில் வில்லனே நின்று நிதானமாக விளக்குகிறான்.

குந்தவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய சோழ வீட்டுப் பெண், ஓலை கொண்டுவந்தவனைத்தான் மனசில் வைத்தாள். அது கதையில். ஆனால் தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டிலேயே அவளை வந்தியதேவரின் தேவி என்று வெட்டி வைத்திருக்கிறார்கள், ஊர் உலகமெல்லாம் படிக்க. நீ கல்லில் வெட்ட வேண்டாம் பாப்பா. வீட்டில் ஒரு வார்த்தை போதும். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கதவைத் தாழ் போடு. அந்தக் கதையின் இரண்டாம் பாகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது? பரண் முழுக்கத் தேடிவிட்டேன்.

பொடி இரண்டு டப்பா வைத்திருக்கிறேன். சிவப்பு மூடி உனக்கு. பச்சை மூடியில் காரம் குறைத்துப் போட்டிருக்கிறேன், பழக்கமில்லாதவர்களும் சாப்பிடலாம்.

அம்மா